பின்கதவும் ஒரு சீனத்துச் சொல்லும்

கந்தக வாசனை சோற்றிலும் இருக்கும்... எத்தனை முறை கை கழுவினாலும் போகாது. அறுபதுகளில் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கும் மாரியம்மாளுக்கும் ஒரே ஷெட்டில் வேலை.

ஷெட்டுக்கு இரண்டு கதவு. தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்றுதான் சட்டம். சீசன் வந்துவிட்டால் பின்கதவை மறித்துப் பெட்டிகளை அடுக்கச் சொல்லிவிடுவார் மேனேஜர்.

சோதனை அதிகாரி மெட்ராஸிலிருந்து ரயிலில் வரவேண்டும். விருதுநகரில் அவர் இறங்கியதுமே கம்பெனிக்குச் சேதி வந்துவிடும்... பெட்டிகள் மாயமாகும். அவர் காப்பி குடித்துவிட்டுப் போனதும் திரும்ப அடுக்குவோம்.

ஒருமுறை நான் அடுக்கவில்லை. கதவு திறந்திருந்தால் காற்றாவது வருமே என்றேன். மேனேஜர் அண்ணாச்சி சிரித்தார். மலாயாவில், ஈப்போவில், சீனர் கடையில் வேலை பார்த்தவர். கான்டனீஸில் ஏதோ சொன்னார். ராஜா மலைகளுக்கு அப்பால் இருக்கிறார், இங்கே நடப்பது அவருக்குத் தெரியாது என்று அர்த்தமாம்.

எங்களுக்கும் சிரிப்புதான். கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டோம். அண்ணாச்சி தலை மறைந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கால் நீட்டி உட்காருவோம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வெடிமருந்து பற்றிக்கொண்டது. முன்கதவுப் பக்கம் இருந்த நான் தப்பினேன். மாரியம்மாள் பின்பக்கம்... பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் இரண்டு கையும் வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார் அண்ணாச்சி.

"டாக்டர் கேட்டா வீட்டு அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிரும்மா. மெட்ராஸ்ல இருந்து யாரு வந்து பாக்கப் போறாக?"

மாரியம்மாள் அந்தச் சீனத்துச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

"ராசா தூரத்துலதான் இருக்காரு, அண்ணாச்சி. பெட்டிய அடுக்கச் சொன்ன நீக பக்கத்துலதான இருந்தீக?"

டாக்டரிடம் கம்பெனி என்றே சொன்னாள். மெட்ராஸிலிருந்து யாரும் வரவில்லை. அவளுக்குத்தான் வேலை போனது. வெந்த கையோடு அவளை அனுப்பினார்களே... அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கலெக்டர் ஆபீஸ் சூலக்கரைக்கே வந்துவிட்டது. பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்த் திரும்பலாம். போன வாரம் பேப்பரில் ஒரு பட்டாசு விபத்து... பின்கதவை மறித்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்களாம்.

அந்தச் சீனத்துச் சொல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத் தூரத்தின் மேலாவது பழி போட முடிந்தது.