முகமூடிக்காரனுக்கு ஆள் தேடிய வருடம்

அக்காவும் நானும் ஃபிஜித் தீவில் ரராவாய் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு ஆலையில் வேலை. சித்தப்பா கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் இருந்தார். வெள்ளைக்காரர்கள் அறையில் விட்டுப்போகும் காமிக்ஸ் புத்தகங்களை மாதம் ஒருமுறை கட்டாகக் கொண்டுவந்து போடுவார். அவற்றில் வரும் முகமூடிக்காரன் ஒருவன்மேல் எங்களுக்கு உயிர். சாதாரண நாட்களில் அவன் ஒரு குமாஸ்தா. ஊருக்கு ஆபத்து என்றால் கவசம் மாட்டிக்கொண்டு கூரைமேல் ஏறி நிற்பான். பல புத்தகங்களில் கடைசிப் பக்கம் இருக்காது. முடிவை அக்காதான் சொல்வாள். அவள் சொல்லும் முடிவுகளில் அவன் தோற்றதே இல்லை.

அவனை வைத்துப் படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அப்பா இறந்துவிட்டிருந்தார். நான் லௌட்டோகாவில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். அதே ஊரில் நடபுவா பகுதியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். தலைநகர் சுவாவில் ஆசிரியை. கணவரோடும் ஆறு வயது மகளோடும் அங்கேயே சமபுலா பகுதியில் இருந்தாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் எங்களுக்கு ஒரே விவாதம்தான்: நடிக்கப்போவது யார்? நான் தோள் அகன்ற சண்டைப்பட நடிகன் ஒருவனைச் சொன்னேன். அவள் மேடை நாடகத்திலிருந்து வந்த ஒல்லியான ஒருவனை.

"அவன் சும்மா நின்னாலே போதும்டா. பேசவே வேணாம்."

"காத்தடிச்சா உழுந்துடுவான்க்கா."

அந்த மே மாதம், துப்பாக்கிகளோடு சிலர் பாராளுமன்றத்துக்குள் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்துவைத்தார்கள். சுவாவில் இந்தியர்களின் கடைகளைச் சூறையாடினார்கள், கொளுத்தினார்கள். பள்ளிக்கூட வயதிலேயே ஒருமுறை ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் இந்த முறை அக்கா அங்கே, நான் இங்கே. அவள் பள்ளியைப் பாதியில் மூடிவிட்டார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். தெருமுனையில் பக்கத்து வீட்டு ஃபிஜியப் பெண்மணி காத்து நின்று, இருவரையும் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அக்காவின் கணவர் வந்து சேரும்வரை மரவள்ளிக் கிழங்கும் தேநீரும் கொடுத்துப் பாப்பாவை மடியிலேயே வைத்திருந்தாராம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் தினமும் நாலு மணிக்கு நான் போன் செய்வேன். முதல் இரண்டு நாள் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "பயமா இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்பாள். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்:

"நம்மாளப் பத்தி ஏதாச்சும் சேதி உண்டா?"

அன்றே லௌட்டோகா கடைத்தெருவில் இருந்த இன்டர்நெட் கஃபேக்குப் போனேன். முகமூடிக்காரனின் ரசிகர்கள் உலகம் முழுவதிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்த ஒரு பக்கம் இருந்தது. இவன்தான், இல்லை அவன்தான் என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். அன்றாடம் அதைப் படித்துவிட்டு வந்து அக்காவிடம் ஒப்பிப்பேன். வதந்தி இல்லாத நாளில் நானே ஒன்றை உண்டாக்கிச் சொல்வேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் "அச்சா, அப்புறம்?" என்று கேட்பாள். பின்னால் பாப்பாவும் "அப்புறம்?" என்பாள்.

பிடித்துவைத்தவர்களை விட்டுவிட்டார்கள். ஊர் மெல்ல அடங்கியது. ஆனால் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள்.

"ரெண்டு சேதி இருக்குடா. ஒண்ணு நம்மாளப் பத்தி. எத மொதல்ல சொல்ல?"

"நம்மாளத்தான்."

முடிவாகிவிட்டதாம். நான் சொன்னவனும் இல்லை, அவள் சொன்னவனும் இல்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் தபால்காரனாக வந்துகொண்டிருந்த ஒருவன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அவனா? ஒசரம் பத்தாது. மூஞ்சில ஒரு தெளிவே கிடையாது. இவனப் போயி எப்படி முடிவு பண்ணாங்க? யாருகிட்ட கேட்டாங்க?"

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். "யாருக்குடா மாப்பிள பாத்தாங்க?"

"மாப்பிள இல்லம்மா, படத்துக்கு."

"படத்துக்கா. அதுக்கு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற?"

அக்கா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ரெண்டாவத சொல்லட்டுமா? நியூசிலாந்துக்குப் பேப்பர் வந்துடுச்சி, ஆக்லாந்துக்கு. மூணு பேருக்கும். ஆகஸ்ட்ல கெளம்பறோம்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லதுக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். வழியனுப்ப நாடி ஊர் விமான நிலையத்துக்கு எப்போது வர என்றாவது கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்:

"அந்தக் கவசம் அவனுக்கு நிக்கவே நிக்காதுக்கா."

அக்காவும் சொன்னாள்: "ஆமாண்டா. நிக்காது."

அவர்கள் போன பிறகு மாலை நாலு மணி எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. அலுவலகம் விட்டு கஃபேக்குப் போய் அந்த நடிகனைத் திட்டி எழுதுவேன், சொந்தப் பெயரில் அல்ல. அவன் மூக்கு, நடை, குரல், ஒன்றையும் விடவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதனை அத்தனை வாரங்கள் வெறுத்தேன்.

படம் ஆக்லாந்தில் முதலில் வந்தது. லௌட்டோகாவுக்கு வரச் சில வாரங்களாயின. அதுவரை அக்கா போகவில்லை. பாப்பா அழுதுகூடப் பார்த்தாளாம். "நீ பாக்காம நான் எப்படிடா பாக்கறது?" என்றாள். கடைசியில் ஒரே சனிக்கிழமை பகல் காட்சிக்கு அவள் அங்கே போனாள், நான் இங்கே போனேன்.

படத்தில் முகமூடிக்காரன் முதல் முறை ஊரைக் காப்பாற்ற முடியாமல் போய், வீடு திரும்பிக் கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறான். ஒரு பூட்ஸைக் கழற்றுகிறான். மற்றதை மறந்துவிட்டு அப்படியே இருக்கிறான். அவ்வளவுதான் காட்சி. நாங்கள் சின்ன வயதில் படித்தவன் இவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"எப்படி இருந்தான்?"

"நல்லா இருந்தான்க்கா. ரொம்ப நல்லா."

"நீ எழுதினதெல்லாம் படிச்சேன்."

"நாந்தான்னு எப்படித் தெரியும்?"

"பொய்ப் பேருக்குப் பின்னால ஆலை வீட்டு நம்பரப் போட்டா தெரியாதா?" என்றாள். பிறகு, "அதப் படிக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சிடா. இங்க நாலு ஸ்கூல்ல கூப்ட்டுப் பேசினாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ளயே அவங்க மூஞ்சில தெரிஞ்சிடும், இவ வேணாம்னு."

பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத."

திங்கட்கிழமை கஃபேக்குப் போய் நான் எழுதியவற்றை அழித்தேன். அழிக்க முடியாதவற்றின் கீழே, "படம் பார்த்துவிட்டேன், நான் சொன்னது தப்பு" என்று எழுதினேன். சிலர் கேலி செய்தார்கள்.

அடுத்த ஆண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு ஆக்லாந்து போனேன். அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. வேலை முடியத் தாமதமானதால் உடை மாற்ற நேரமில்லாமல், அக்கா அந்த இல்லத்தின் சீருடையிலேயே விமான நிலையத்துக்கு வந்துவிட்டாள். வெளிர்நீலச் சட்டை, மார்பில் பெயர் அட்டை. எங்களைப் பார்த்ததும்தான் அவளுக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். கையால் அட்டையை மறைத்தாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். மடங்கியிருந்த காலரை நீவிவிட்டாள்.

"இஸ்திரி நல்லா போட்டிருக்க. மத்தியானம் சாப்டியா?"

"இல்லம்மா" என்று சொல்லி அக்கா அழுதுவிட்டாள். அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை, அப்போதும் பிறகும். மூன்று ஆண்டுகள் கழித்து அக்காவுக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அதைச் சொன்னபோதுகூட அம்மா, "சரி, அந்தக் கெழவிங்கள யாரு பாத்துக்குவாங்க?" என்றுதான் கேட்டாள்.

அன்று விமான நிலையத்திலிருந்து அக்காதான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ரெண்டாம் பாகத்துக்கு வில்லன் யாருன்னு கேள்விப்பட்டியா?" என்றாள். பின்னிருக்கையில் என் பக்கத்தில் இருந்த பாப்பா முந்திக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கு அந்த ஆள் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பிடித்திருந்தது. வீடு போய்ச் சேரும்வரை மூவரும் பேசிக்கொண்டே போனோம். அம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.