பத்தடி பின்னால்

“ஊர்ப் புள்ளைங்க எல்லாம் நீ சொன்னா கேக்கும். எம்பொண்ணு கேக்குறாளான்னு பாப்போம்” என்றார் அண்ணி. நான் பி.எட். முடித்து எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த வாரம் அது. அண்ணன் மூன்றாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான். அவர்கள் மகளை இனி நானே பள்ளிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

அவளை நாங்கள் சின்னவள் என்போம். ஏழு வயது. ஆட்டிசம் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேச்சு வரவில்லை. வகுப்புக்குள் வந்துவிட்டால் ஜன்னலோரம் உட்கார்ந்து கூட்டல் கணக்கெல்லாம் போடுவாள். வந்து சேர்வதுதான் பாடு. வாய்க்கால் கரையில் கால் மணி நேர நடை. தண்ணீர் ஓடிய மாதங்களில் பயந்து கையைப் பிடித்துப் பழகியவள் நான். தண்ணீர் வற்றிய பிறகும் விடவில்லை. பாதி வழியில் உட்கார்ந்து கத்துவாள். செருப்பு, கரை, பள்ளி என்று படம் ஒட்டி அட்டைகள் செய்தேன். அட்டைகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு என் கையைக் கடித்தாள்.

தலைமையாசிரியை கனிவாகத்தான் சொன்னார். “தினம் அழுதுக்கிட்டே வர்றது அவளுக்கும் கஷ்டம். மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. முடியலன்னா வீட்டுவழிக் கல்விக்கு எழுதிடலாம். வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவாங்க.”

வாரம் ஒருநாள். மற்ற நாளெல்லாம் அவள் கொல்லையிலேயே இருப்பாள். அந்த ஜன்னலோரம் போய்விடும்.

சம்பா அறுப்பு முடிந்து வாத்துக்காரர்கள் வந்தார்கள். வடக்கேயிருந்து லாரியில் வாத்துகளை ஏற்றி வந்து, அறுத்த வயல்களில் மேய விடுகிறவர்கள். ஒரு காலை சின்னவள் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் பதறிப் பின்னால் ஓடினால், வாத்துக் கூட்டம் முன்னே போக, அதன் பின்னால் அவள் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால், நுனியில் பிளாஸ்டிக் பை கட்டிய நீளக் கோலோடு ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பள்ளி வாசல்வரை அழுகை இல்லை.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அந்தப் பெண் நாக்கை மடித்து வாத்துகளை அதட்டிய சத்தத்தைச் சின்னவள் அப்படியே திருப்பிச் செய்தாள். ஒரு வருடம் நான் ‘அத்தை’ சொல்லிக் கொடுத்தும் கிடைக்காத குரல், மூன்றே நாளில், ஊர்பேர் தெரியாத ஒருத்திக்கு. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று யாரோ சொன்னதும் இன்னும் எரிந்தது.

அடுத்த நாள் வேண்டுமென்றே தாமதித்தேன். சின்னவளுக்குப் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னினேன். கரைக்கு வந்தபோது வாத்துகள் போயிருந்தன. சின்னவள் வெறும் பாதையைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து தலையைத் தரையில் மோதத் தொடங்கினாள். தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். “ஏன் இன்னிக்கு லேட்டா கெளம்புன?” என்றார் அண்ணி. “சடை சரியா வரல” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

சாயங்காலம் வாத்துகளை அடைக்கும் பட்டிக்குப் போனேன். அந்தப் பெண் வலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“காலையில பாப்பா வரல?”

“அவளுக்கு என்ன பண்ணீங்க? என்கூட வர மாட்டேங்குறா.”

சிரித்தாள். “நான் என்னா பண்ணேன்? அது பாட்டுக்கு நடக்குது. நான் கிட்டயே போறதில்ல.”

“வாத்தப் பாத்துதான வர்றா?”

“வாத்தா? அதுங்கள ஏறெடுத்தும் பாக்கல டீச்சர். வெயில் முதுகுல அடிக்குதில்ல, கோல் நிழல் முன்னாடி விழுது. அந்தப் பை ஆடுற நிழலப் பாத்துக்கிட்டே போவுது. நீங்க பாத்ததில்ல?”

நான் பார்த்ததில்லை. நான் எப்போதும் அவள் கையைத்தான் பார்த்திருக்கிறேன்.

வலையின் மறுபக்கத்தை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். நான்கு நாள் கழித்து வாத்துக்காரர்கள் கீழ்வேளூர் பக்கம் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கோலைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலி மூங்கிலில் ஒன்றை வெட்டி, யூரியா சாக்கைக் கிழித்து நானே கட்டினேன்.

டீக்கடையில் சும்மா இருப்பார்களா? “என்ன டீச்சர், வாத்துக்கும் அட்மிஷன் போட்டாச்சா?” நான் கையில் கோல் பிடிக்கக் கூடாதென்றுதான் அப்பா கூலி வேலை செய்து படிக்க வைத்தார். முகம் சிவக்க, சின்னவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். முன்னே என் சாக்குத் துணியின் நிழல் ஆடியது. சின்னவள் ஒருமுறை நின்றாள். நானும் நின்றேன். பிறகு நடந்தாள்.

ஆறு நாளாக அப்படித்தான் வருகிறோம். பள்ளி வாசலில் அந்த வாத்துச் சத்தத்தைச் செய்கிறாள். காலி வயலைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்தல்ல. எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனியில் தண்ணீர் வந்தால் கையைப் பிடிக்காமல் கரையில் எப்படி நடப்பது என்பதும் தெரியவில்லை.

நேற்று மாதக் கடைசி. கோலைத் தலைமையாசிரியை அறை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். சின்னவள் அழாமல் நடந்து வருகிறாள், வீட்டுவழிக் கல்விக்கு எழுத வேண்டாம் என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கீழே அண்ணி கைநாட்டு வைத்திருந்தார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.