வைக்கோலில் புதைத்த சோறு

கொல்லங்கோட்டுப் பக்கம் கடலைக்காய் பறிக்கும் நாட்களில், விடியுமுன் சோறு வடித்துவிட்டு நானும் காட்டு வேலைக்குப் போய்விடுவேன். மதியம் வீடு வந்து பானையைத் திறந்தால் சோறு காய்ந்து விறைத்திருக்கும். “கல்லாட்டம் இருக்குது” என்று மாமியார் தினமும் முனகுவார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் சூடு ஆறாவிட்டால் விறைக்காதென்று நினைத்து, ஆவி பறக்கும் சோற்றை அப்படியே போசிப் பாத்திரத்தில் அமுக்கி மூடி, வைக்கோலுக்குள் புதைத்து வைத்தேன்.

மதியம் என் வீட்டுக்காரர் பசியோடு ஒரு கவளம் அள்ளினார். “ஏம்புள்ள, சோறு நூலு நூலா வருது?”

புளித்த வாடை அடித்தது. “வாயில வெக்காதீங்க!” என்று தட்டைப் பிடுங்கினேன். அன்று எல்லோருக்கும் மோர்தான்.

இப்போது சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, ஆவி அடங்கிய பிறகே போசியில் அள்ளுகிறேன். அதன் வாயில் ஈரத்துணி கட்டி நிழலில் வைக்கிறேன். சோறு மெத்தென்று இருக்கிறது. மாமியார் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறதென்று மட்டும் சொல்வதில்லை. முனகல் நின்றதே, எனக்கு அது போதும்.