துரை என்ன சொல்றாரு?

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்திலிருந்து பருப்பு வியாபாரம் பேச பர்மாவின் யாங்கோன் நகருக்கு வந்த குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் டிரைவர் அந்நகரின் தின்கன்ஜூன் பகுதித் தமிழர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். குழுத் தலைவரான வெள்ளைக்காரர் எது பேசினாலும், "துரை என்ன சொல்றாரு, தம்பி?" என்று என்னைக் கேட்பார்.

ஒருநாள் காரில், அரசை எதிர்த்துச் சிறையிலிருக்கும் மாணவர்களைப் பற்றி வெள்ளைக்காரர் கேட்டார். பக்கத்தில் எங்களோடு வந்த பர்மிய அதிகாரி. பயந்துபோய், கல்லூரிகளைப் பற்றிக் கேட்கிறார் என்று அவரிடம் பர்மிய மொழியில் மாற்றிச் சொன்னேன்.

மாலையில் என்னை வீட்டில் இறக்கிவிட்ட டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "அவரு ஜெயில்ல இருக்கிற பிள்ளைங்களத்தான் கேட்டாரு. மாத்திச் சொன்னது நல்லதாப் போச்சு."

அப்படியானால் இவருக்கு இங்கிலீஷ் தெரியும். இத்தனை நாளும் யாருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார் இந்த மனிதர்?

மறுநாள் விமான நிலையத்தில், அதிகாரியின் முன்னால் வெள்ளைக்காரர் நன்றி சொன்னார். டிரைவர் அதே அப்பாவி முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"துரை என்ன சொல்றாரு, தம்பி?"