வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்ட நட்சத்திரம்

எங்கள் குழுத் தலைவர் பொய் சொன்னார். தெரிந்தே சொன்னார்.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செயற்கைக்கோள் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். பூமிக்கு மிக உயரே, காற்று என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத இடத்திலும் ஹைட்ரஜன் மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது. வெயில் பட்டால் அது புற ஊதாவில் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். சூரியனின் ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அந்த ஒளி மங்கிக்கொண்டே வருகிறது, ஆகவே ஹைட்ரஜன் குறைகிறது என்று தலைவர் கண்டுபிடித்துவிட்டார். கட்டுரையும் தயார். எழுதியவர்கள் வரிசையில் என் பெயரும் இருந்தது.

இந்தக் கருவிகளின் பார்வை நாள்பட மங்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது தெரியும். அதனால்தான் ஒளி மாறாத ஒரு நட்சத்திரத்தை அவ்வப்போது அளந்து ஒப்பிடுவது வழக்கம். பெரிய மனிதர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஒப்பிட்டேன். நட்சத்திரமும் அதே அளவு மங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்ட வரைபடத்தை அவர் மேஜையில் வைத்தேன்.

"ஹைட்ரஜன் கொறஞ்சா நட்சத்திரம் ஏன் சார் மங்கணும்? அதுக்கும் வயசாயிடுச்சா?"

"சும்மா இரும்மா. கொறஞ்சிருக்குன்னாதான் பேப்பர். கருவி கெட்டுப்போச்சுன்னு எழுதினா எவன் படிப்பான்?"

மறுநாள் கட்டுரையில் சேர்த்திருந்த வரைபடத்தில் நட்சத்திரம் இல்லை. அப்படியானால் என் பெயரையும் எடுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பேரு போடலன்னு அழுறவங்களப் பாத்திருக்கேன். எடுக்கச் சொல்லி அழுற மொத ஆளு நீதாம்மா."

கட்டுரை என் பெயரோடுதான் வந்தது. பெங்களூரின் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளி அரங்கில் அதைப் பற்றிப் பேசினார். பூமியைச் சுற்றி நீல வளையம் போட்ட படத்துக்கே கைதட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு அந்த நீலத்தைப் பூசியது நாங்கள்தான் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுந்து நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நம்ம ஆபீஸ் பொண்ணுதான். அங்கயும் இப்படித்தான்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் காபிக்குக் கலைந்தது.

வேலையை விட்டுவிட்டேன். பெயரை விட முடியவில்லை. இன்றைக்கும் அந்தப் பொய்க்குக் கீழே என் பெயர் நிற்கிறது. போனில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், சார். நட்சத்திரத்தை ஏன் எடுத்தீர்கள்? கட்டுரை வந்த அதே இதழில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.