பொனட்டுக்குள் ஒரு கப்பல் திருகு

என் காருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் என் கணவர் இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும், "அந்தக் காருக்கு முன்பக்கம் ஆட்டம் இருந்தது" என்றுதான் தொடங்குவார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத எழுபதுகளில், திருகோணமலையில் ஓடிய எந்தப் பழைய காருக்குத்தான் ஆட்டம் இல்லை? அது என் தகப்பனார் எனக்குத் தந்த சின்னக் கார். தினமும் அதில்தான் நான் பாதை ஏறிக் கிண்ணியாவுக்குப் படிப்பிக்கப் போனேன்.

வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். கரைக்கும் அதற்கும் நடுவே இரண்டு பலகைகளைப் போடுவார்கள். சில்லுகள் அந்தப் பலகைகளில் நேராக ஏற வேண்டும், தவறினால் தண்ணீர். பஸ்ஸில் போனால் முதல் பாடத்துக்குப் போய்ச் சேர முடியாது. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு முதல் பாடம் கணக்கு, அந்தப் பள்ளிக்கூடத்தில் அதைப் படிப்பிக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

என் கணவர் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். ஒருநாள் ஏதோ ஒரு கப்பலின் எஞ்சினியர் போட்டுவிட்டுப் போன கார்ச் சஞ்சிகையோடு வீட்டுக்கு வந்தார். அதில் ஒரு பந்தயக் காரின் பொனட்டைத் திறந்து காட்டியிருந்தார்கள். முன்சில்லுகளின் ஸ்பிரிங் தண்டுகள் மேலே வந்து பொருந்துகிற இரண்டு தகரத் தலைகளுக்கும் நடுவே, குறுக்காக ஓர் இரும்புச் சலாகை இருந்தது.

"முடக்கில திரும்பேக்க இந்த ரெண்டு தலையும் சாயுது. அதுதான் உம்மட கார் அலையுது. குறுக்கால ஒரு சலாகை போட்டா அசையாது" என்றார்.

"அலையுது எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"உமக்கு விளங்காது."

எனக்கு விளங்காத விஷயங்களின் பட்டியல் அவரிடம் நீளமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலால் வந்து நான் குசினியில் சமைத்து முடிப்பதற்குள் அவர் கார் வேலையை முடித்துவிட்டார். சலாகைக்கு நடுவில், கப்பலில் கம்பிகளை இழுத்துக் கட்டுகிற திருகு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதைத் திருகினால் இரண்டு முனையும் உள்ளே இழுபடும். கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு இறுக்கம் என்றால் ஒரே அளவுதான்: இனித் திரும்பாது என்கிற வரைக்கும். அப்படியே இறுக்கி, சுத்தியலால் சலாகையைத் தட்டிக் காட்டினார். கணீரென்று கேட்டது.

"கேட்டீரா? இதுதான் இறுக்கம்."

பொய் சொல்லக் கூடாது, முடக்குகளில் கார் முன்பு இல்லாத விதமாக டக்கென்று திரும்பியது. ஆனால் நேர் ரோட்டில் வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற லொறியின் பக்கம். வழியில் கப்பல்துறை என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் இடது தோள் கடுத்துவிடும்.

அவரிடம் சொன்னேன். "நீர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதம் பிழை" என்றார். மறுபடி சொன்னேன். "பயந்து பயந்து ஓடினா இழுக்கும்தான்" என்றார். நீங்களே ஒருக்கால் ஓடிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். தான் செய்த வேலையைத் தானே சோதிப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம், கார் திருந்திவிட்டது, ஓட்டுகிற ஆள்தான் இன்னும் திருந்தவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவர்களும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட வெட்கக்கேடு, மூன்றாம் கிழமை நானே அதை நம்பத் தொடங்கியதுதான். ஏழு வருஷம் ஓட்டிய என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒருவேளை எனக்கு ஓட்டத் தெரியாதோ?

அந்த வாரம்தான் பாதையில் ஏறும்போது வலது முன்சில்லு பலகையின் விளிம்பை விட்டு அரைவாசி வெளியே போனது. பாதைக்காரர் கத்தினார், நான் பிரேக்கில் ஏறி நின்றேன். அவர் நாலு பேரைப் பிடித்துக் காரைக் கரைக்குத் தள்ளுவித்தார். "டீச்சர், கோவிக்காதீங்க. இப்படியெண்டா என்னால ஏத்த ஏலா" என்றார். அன்று பின்னேரமே திருகோணமலைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதி, கையெழுத்திட்டுக் கல்விக் கந்தோரில் கொடுத்துவிட்டேன்.

அதைக் கேட்டுத்தான் என் கணவருக்குப் பெருந்தன்மை வந்தது. "வாரும், எப்பிடி ஏத்திறதெண்டு காட்டிறன்" என்று மறுநாள் தானே ஓட்டினார். பாதி வழியில் அவர் கதைப்பது நின்றது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார், நெற்றியில் வேர்வை. "பிடிக்கிற விதம் பிழை" என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

பலகைக்கு முன்னால் பாதைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். குந்தியிருந்து காரின் முகத்தைப் பார்த்தார். "இடப்பக்கச் சில்லு மேல உள்ளுக்குச் சரிஞ்செல்லா நிக்குது. டீச்சர் என்ன செய்வாங்க?" என்றார்.

இடப்பக்கத் தகரம் கறள் பிடித்து மெலிந்திருந்தது. கப்பல் இறுக்கத்துக்கு அது மட்டும் உள்ளே வளைந்து சில்லையும் வலப்பக்கம் சாய்த்துவிட்டது, சில்லு சாய்ந்த பக்கம்தான் கார் போகும். என் கணவர் பேசாமல் பொனட்டைத் திறந்து ஸ்பனரை எடுத்துத் திருகைத் தளர்த்தினார். தகரம் கிறீச்சிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. பிறகு சலாகை சும்மா அசையாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் இறுக்கினார். என்னை ஓட்டச் சொன்னார். ஒரு விரலால் பிடித்தாலும் கார் நேராகப் போனது. முடக்கிலும் அலையவில்லை. அந்தச் சலாகை உண்மையாகவே நல்ல சாமான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பாத்தீரா, இப்ப உமக்கு ஓட வருது" என்றார்.

கந்தோருக்கு ஓடினேன். விண்ணப்பம் மேலே போய்விட்டது, வேண்டுமென்று கேட்டதை வேண்டாமென்று சொல்ல ஏலாது என்றார்கள். பள்ளித் தவணை முடிவதற்குள் மாற்றக் கடிதம் வந்தது. எனக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க யாரையும் அனுப்பவில்லை. "உமக்குத்தானே வசதி, புதுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம்" என்றார் என் கணவர். நான் அழுதது களைப்பால் என்று நினைத்துக்கொண்டார்.

கிண்ணியாவில் கடைசி நாள் பின்னேரம் திரும்பும்போது, பலகையில் ஒரே மூச்சில் ஏறினேன். இக்கரையில் இறங்கும்போது பாதைக்காரர் ஜன்னலடிக்கு வந்து குனிந்தார். "இனிக் கண்ண மூடிட்டே ஏத்தலாம் டீச்சர். நாளைக்கும் வெள்ளன வாங்க" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தேன்.