டீசல் வீடு, பெட்ரோல் வீடு

எங்கள் வீட்டில் பொழுது விடிவதே டீசல் புகை வாசனையில்தான். அப்பா வேனைக் கிளப்பி உறுமவிட்டால் ஜன்னல் கம்பிகள் தடதடக்கும். அடுத்த வீட்டிலிருந்து சித்தப்பா வேண்டுமென்றே இரண்டு முறை இருமுவார். மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொண்ட எங்கள் இரண்டு வீடுகளையும் தெருக்காரர்கள் "டீசல் வீடு", "பெட்ரோல் வீடு" என்றே அழைத்தார்கள்.

"லிட்டருக்கு எம்புட்டு தூரம் ஓடுது தெரியுமா" என்று பெருமை பேசி, கூடுதல் விலை கொடுத்து அப்பா டீசல் வேன் எடுத்தார். அண்ணன் டீசல் எடுத்துவிட்டார் என்பதற்காகவே சித்தப்பா பெட்ரோல் வேன் எடுத்தார். வேறு காரணம் இருந்ததாக நான் இன்றுவரை நம்பவில்லை. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எழுமலைப் பக்கம் போகும்போது, யார் எந்த வேனில் ஏறுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பங்காளிகளில் யார் எந்தப் பக்கம் என்று தெரியும். பாதி வழியில் குமட்டிக்கொண்டு வந்தாலும் வேன் மாறி ஏறக்கூடாது.

இதில் கொடுமை என்னவென்றால், நெடுந்தூரம் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் டீசல் வேனில், அப்பா நாலு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போனார். என்ஜின் சூடாவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். அப்புறம் சாயங்காலம்வரை வண்டி எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் தூங்கும். சூடேறாமலே ஓடிய என்ஜின் அடிக்கடி பழுதாக, டீசலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் மெக்கானிக் ஷெட் தின்றது. சித்தப்பாவோ, உள்ளூருக்குள் ஓட்டத் தோதான பெட்ரோல் வேனில் தினமும் அவ்வளவு தூரம் எழுமலைவரை போய் முருங்கைக்காய் ஏற்றிவந்து மதுரைச் சந்தையில் இறக்கினார். காய் விற்ற காசு பங்க்கிலேயே கரைந்தது. இரண்டு வீட்டிலும் வேன் கடனுக்கான தவணை தவறியது. வண்டி போனால் பிழைப்பும் போகும் என்று அம்மாவும் சித்தியும் தனித்தனியாக அழுதார்கள்.

ஒரு சிவராத்திரிக்கு மறுநாள், கோயில் பந்தியில் கறிச்சோறு தின்றுகொண்டே நான் துடுக்காகச் சொல்லிவிட்டேன்: "வேனை ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா என்ன? ரெண்டு வீட்டுக்கும் மிச்சம்."

"அந்த ஓட்ட டப்பாவ நான் ஓட்டணுமாக்கும்?" என்றார் சித்தப்பா. "யாரு ஆத்தா சொல்லிக்குடுத்தா, உங்கப்பனா?"

"அவன் வண்டியில ஏறுறதுக்கு நான் நடந்தே போயிருவேன்" என்று அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். அண்ணனும் தம்பியும் அன்றுதான் ஒரே பக்கம் நின்றார்கள், எனக்கு எதிராக.

பூசாரித் தாத்தா மட்டும் எலும்பைக் கடித்தபடி சொன்னார்: "பிள்ள போட்ட கணக்கு சரிதான். சாவிய யாரு மொதல்ல நீட்டுறது?"

யாரும் நீட்டவில்லை. அடுத்தடுத்து இரண்டு வேன்களையும் கடன் கொடுத்தவர்கள் இழுத்துப் போனார்கள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஏழ்மையில் வண்டியைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்தால் இரக்கம் வரும். வீம்பில் பறிகொடுத்தவர்களிடம் எனக்கு அது வருவதில்லை.

இன்று வாசலில் வேன்களும் இல்லை, வேப்பமரமும் இல்லை. நடுவில் சுவர் நிற்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் தினமும் ஒரே டவுன் பஸ்ஸில் மதுரைக்குள் போகிறார்கள், ஒருவர் முன்படியில் ஏறினால் மற்றவர் பின்படியில். இருவருக்குமே அங்கே டிரைவர் வேலை. முதலாளி சாவியை நீட்டுகிறார், வாங்கிக்கொள்கிறார்கள். டீசலா பெட்ரோலா என்று இருவருமே கேட்பதில்லை.